மழையும் மரமும் காத்தாடியும் வங்கிக் கணக்கில் ஏறும் விதம்

ஆழியாற்றுத் தண்ணீர் கேரளத்துக்குள் போகும் முன் மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்படுகிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் போயாக வேண்டும். ஆண்டு என்பது ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். தகராறு வரும்போதெல்லாம் இரு மாநிலத்து அதிகாரிகளும் முதலில் எடுத்து வைப்பது மணக்கடவு அளவுப் புத்தகத்தைத்தான். ஆற்றில் எவ்வளவு ஓடியது என்று கரையில் நின்றவர் சொன்னால் எடுபடாது. புத்தகத்தில் ஏறிய எண்தான் பேசும்.

காலநிலை மாற்றம் குறித்து வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சந்தைகளும் என்ன செய்கின்றன என்று புரிந்துகொள்ள இந்த ஒரு படம் போதும். வெயிலும் மழையும் அவர்களுக்குத் தெரியாது. யாராவது அளந்து, எண்ணாக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு விலை வைக்கத் தெரியும். பசுமைக் கடன், பயிர்க் காப்பீடு, கார்பன் வரவு, பசுமைப் பத்திரம் என்று பெயர்கள் பல. எதை எடுத்தாலும் கேட்க வேண்டியவை மூன்றே: எதை அளக்கிறார்கள், யார் அளக்கிறார்கள், அளவு பிசகினால் நட்டம் யார் தலையில்?

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம், எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தோப்புகளையும் காத்தாடிகளையும் (மின்சாரம் தரும் காற்றாலைகளையும்) வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

கடன் கொடுத்தவருக்கு என்ன பயம்?

காலநிலையால் வரும் ஆபத்தை வங்கிகள் இரண்டாகப் பிரிக்கின்றன. முதலாவது நேரடி ஆபத்து. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறு வற்றி, நின்ற தென்னைகள் தலை சாய்ந்தன. நெல் போனால் ஒரு போகம் போகும். தென்னை போனால் மறுபடி நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு. அந்தத் தோப்பைக் காட்டி வாங்கிய கடனின் தவணை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும். ஒரு கிளையில் நூறு பேருக்கு இப்படி நடந்தால், அது நூறு தனித்தனிக் கடன்காரர்களின் கஷ்டமாக இருக்காது. ஒரே நாளில் ஒரே காரணத்தால் எல்லாரும் தவறுவார்கள். வங்கியை உண்மையில் பயமுறுத்துவது இந்தக் கூட்டுத் தவறுதல்தான். சாதாரணக் கடன் கணக்கில் பத்துப் பேர் தவறினால் தொண்ணூறு பேர் கட்டுவார்கள் என்ற தைரியம் இருக்கும். வறட்சி அந்தத் தைரியத்தை உடைக்கிறது.

இரண்டாவது, மாற்றத்தால் வரும் ஆபத்து. சட்டம் மாறும், வரி மாறும், வாங்குபவரின் மனம் மாறும். பொருள் அப்படியே இருக்க அதன் மதிப்பு மட்டும் சரியும். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தென்னையில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அந்தப் பக்கம் சித்தூர் வட்டத் தோப்புகளிலிருந்து கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குக் கள் போகிறது. மண் ஒன்று, மரம் ஒன்று, காற்றும் ஒன்று. அரசாணை ஒன்று மாறியதால் மரத்தின் வருமானம் வேறு. நாளை நிலக்கரியில் ஓடும் கொதிகலனுக்கோ டீசல் லாரிக்கோ இதே கதி நேர்ந்தால், அதை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்த வங்கியின் கையில் என்ன மிஞ்சும்? அதைத்தான் மாற்ற ஆபத்து என்கிறார்கள்.

மத்திய வங்கிகள் இதை உரக்கப் பேசத் தொடங்கியது 2015-இல். அப்போது இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி லண்டனில் ஆற்றிய உரை அதற்கு ஒரு தொடக்கப் புள்ளி. நம் ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில் இதற்கான மத்திய வங்கிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில், வங்கிகள் தங்கள் காலநிலை ஆபத்தை வெளியிட வேண்டும் என்று ஒரு வரைவை வெளியிட்டது. நிர்வாகக் குழு இதைக் கவனிக்கிறதா, தொழில் திட்டத்தில் இது இருக்கிறதா, ஆபத்தை எப்படிக் கையாள்கிறார்கள், என்ன அளவுகோல் என்று நான்கு தலைப்புகளில் பதில் கேட்கும் வரைவு அது.

கடைசித் தலைப்பில்தான் ‘கடன்வழி உமிழ்வு’, அதாவது கடன் வாங்கியவர் விடும் புகையில் வங்கியின் பங்கு, வருகிறது. கணக்கு எளிது. ஒரு சாயப்பட்டறையின் மொத்த மூலதனம் 10 கோடி, அதில் வங்கிக் கடன் 4 கோடி என்றால், பட்டறை ஆண்டுக்கு வெளிவிடும் 1,000 டன் கரியமில வாயுவில் 400 டன் வங்கியின் கணக்கில் ஏறும். கஷ்டம் அந்த 1,000 டன் எங்கிருந்து வருகிறது என்பதில். கொதிகலனில் எரித்த விறகு எத்தனை டன், மின்வாரியத்தில் வாங்கியது எத்தனை யூனிட், ஜெனரேட்டர் டீசல் எத்தனை லிட்டர் என்று பில் இருந்தால் கணக்கு வரும். சிறு பட்டறைகளில் விறகுக்குப் பெரும்பாலும் துண்டுச்சீட்டுதான். சீட்டு இல்லாவிட்டால் ‘இந்தத் தொழிலுக்குச் சராசரி இவ்வளவு’ என்று ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். நன்றாக நடத்துபவருக்கும் மோசமாக நடத்துபவருக்கும் ஒரே எண். ஆகவே வங்கியோ ஏற்றுமதி வாங்குபவரோ மின் பில்லையும் எரிபொருள் ரசீதையும் கேட்டால் எரிச்சல்படாமல் கொடுப்பது லாபம். நீங்கள் கொடுக்காத எண்ணை வேறொருவர் உங்களுக்காக எழுதுவார், அநேகமாகக் கூடவே எழுதுவார்.

கிளை அளவில் இதெல்லாம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பயிர்க் கடனுக்கு மேலாளர் கேட்பது சிட்டா, அடங்கல், முந்தைய கடன் விவரம். எல்லைக்கு அப்பால் தண்டப்பேர்க் கணக்கும் (கேரளத்து நிலப் பதிவு) நிலவரி ரசீதும். வறட்சி வந்த பிறகுதான் காலநிலை கிளைக்குள் நுழையும், மறுசீரமைப்பு என்ற பெயரில். பயிர்ச் சேதம் 33 சதவீதத்தைத் தாண்டியதாக அரசு அறிவித்தால் கடனைத் தள்ளிப்போட வழி உண்டு. 2015 வரை அந்த எல்லை 50 சதவீதமாக இருந்தது. இங்கே அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்று: தள்ளிப்போடுவதைத் தள்ளுபடி என்று நினைத்துவிடுவது. தவணைதான் தள்ளிப்போகும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அறிவிப்பில் உங்கள் கிராமத்தின் பெயர் இருக்க வேண்டும். பக்கத்துக் கிராமம் அறிவிக்கப்பட்டு உங்களுடையது விடுபட்டால் உங்கள் தோப்பில் நின்ற மரம் எத்தனை செத்திருந்தாலும் பயனில்லை.

காப்பீடு: மரம் சாக வேண்டும், ஊர் நட்டப்பட வேண்டும், மழைமானி காய வேண்டும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காலநிலை ஆபத்துக்கு நேராக விலை வைப்பது காப்பீடு ஒன்றுதான். ஏமாற்றம் அதிகம் வருவதும் இங்கேதான்.

முதலில் தென்னை. தென்னை வளர்ச்சி வாரியமும் இந்திய வேளாண் காப்பீட்டுக் கழகமும் சேர்ந்து நடத்தும் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தில் 4 முதல் 15 வயது மரத்துக்குக் காப்புத் தொகை 900 ரூபாய், ஆண்டு பிரீமியம் 9 ரூபாய். 16 முதல் 60 வயது மரத்துக்கு 1,750 ரூபாய், பிரீமியம் 14 ரூபாய். பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்வாசியை மாநில அரசும் ஏற்கும். நூறு பெரிய மரம் வைத்திருப்பவர் கையிலிருந்து போவது ஆண்டுக்கு 350 ரூபாய்தான். மலிவு. ஆனால் எதை அளக்கிறார்கள் என்று பாருங்கள்: மரம் செத்ததா, பயனற்றுப் போனதா என்பதை. காய்ப்புக் குறைந்ததை யாரும் அளப்பதில்லை. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ மரத்தைக் கொல்வதில்லை. மட்டை கறுத்துக் காய் சுருங்கும். கேரள வேர் வாடல் நோயும் அப்படித்தான், மரம் ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டே நலியும். மரம் நிற்கும்வரை அதை இழப்பு என்று நிரூபிப்பது பெரும்பாடு. இடி விழுந்தோ புயலில் சாய்ந்தோ போன மரத்துக்கு இந்தத் திட்டம் பொருத்தம். மெல்லச் சாகும் தோப்புக்கு இது பெயரளவுக் காப்பு.

இரண்டாவது வகை, 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். இதில் உங்கள் வயலை யாரும் தனியாக அளப்பதில்லை. கிராமத்திலோ பிர்காவிலோ சில வயல்களைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்துவார்கள். அதன் சராசரிதான் எல்லாருக்கும். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70 அல்லது 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூல் என்று வைப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு உத்தரவாத மகசூல் 2,000 கிலோ, பரிசோதனையில் வந்த சராசரி 1,500 கிலோ, காப்புத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைவு 500 கிலோ. 500-ஐ 2,000-ஆல் வகுத்து 36,000-ஆல் பெருக்கினால் 9,000 ரூபாய். வயல் முழுக்கக் காய்ந்தவருக்கும் அந்த 9,000. வாய்க்கால் தலைப்பில் இருந்து முழு மகசூல் எடுத்தவருக்கும் அதே 9,000. சராசரி 2,000-ஐத் தொட்டுவிட்டால் காய்ந்தவருக்கும் பூஜ்யம். இதில் மோசடி எதுவும் இல்லை, திட்டத்தின் அமைப்பே இப்படி. வீடு வீடாகப் போய் அளந்தால் செலவு பிரீமியத்தைத் தின்றுவிடும் என்பதால் ஊரை ஒரே ஆளாகப் பாவிக்கிறார்கள். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயலில் நீர் தேங்குதல் போன்ற உள்ளூர்ச் சேதத்துக்கு மட்டும் தனி வயல் கணக்கு உண்டு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வங்கி மூடியிருந்தது என்பது காரணமாக எடுபடாது. செயலியிலோ கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலோ பதிந்து, பதிவு எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, வானிலைக் குறியீட்டுக் காப்பீடு. இதில் மகசூலைக்கூட அளப்பதில்லை. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் மழை இத்தனை மில்லிமீட்டருக்குக் குறைந்தால், அல்லது வெப்பம் இத்தனை நாள் இத்தனை டிகிரியைத் தாண்டினால் பணம் தானாக வரும். விவசாயி மனுப் போட வேண்டாம், யாரும் வந்து பார்க்க வேண்டாம். வேகமாகப் பணம் வர இதைவிட நல்ல வழி கிடையாது. தோட்டக்கலை, வணிகப் பயிர்களுக்கு விவசாயியின் பங்கு காப்புத் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. கேரளத்தில் வாழை, மிளகு, ஏலம் போன்றவற்றுக்கு இது நடப்பில் உண்டு.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் நம் பகுதிக்கு அதுதான் பெரிய குறை. மானி நிற்கும் இடத்தில் பெய்த மழை உங்கள் தோப்பில் பெய்த மழை ஆகாது. இத்துறையினர் இதைப் பேசிஸ் ரிஸ்க் என்பார்கள். சமவெளியில் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் பெரிய வித்தியாசம் வராமல் போகலாம். பாலக்காட்டுக் கணவாயில் அப்படி இல்லை. மேற்கே போகப் போக மழை கூடும், கிழக்கே வர வர மளமளவென்று குறையும். பாலக்காட்டில் குடையோடு பஸ் ஏறியவர் கொழிஞ்சாம்பாறையில் வெயிலில் இறங்குவது ஜூன் மாதத்தில் சாதாரணம். மேற்கே உள்ள மானியை வைத்துக் கிழக்கே உள்ள தோப்புக்குக் கணக்குப் போட்டால், மரம் வாடும்போது மானி நிரம்பியிருக்கும். பிரீமியம் கட்டும் முன் கேட்க வேண்டியது ‘எவ்வளவு வரும்’ என்பதைவிட ‘எந்த மானி’ என்பதுதான். அறிவிக்கையில் அந்த நிலையத்தின் பெயர் இருக்கும்.

இந்தச் சங்கிலியின் மேல்முனை ஊருக்கு வெளியே இருக்கிறது. நம் காப்பீட்டு நிறுவனம் தன் ஆபத்தின் ஒரு பங்கை மறுகாப்பீட்டாளரிடம் (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவரிடம்) விற்கும்; அவர் அதை உலகச் சந்தையில் பகிர்வார். எங்கோ ஒரு கண்டத்தில் பெரும் புயல் அடித்தால் அடுத்த ஆண்டு மறுகாப்பீட்டு விலை ஏறும். விவசாயியின் பங்கு சட்டப்படி நிலையாக இருப்பதால் அந்த ஏற்றம் மத்திய, மாநில அரசுகளின் மானியத்தில் போய் விழும். அரசு தன் பங்கைத் தாமதமாகக் கட்டினால் இழப்பீடும் தாமதமாகும். பணம் வரவில்லையே என்று சொசைட்டிச் செயலாளரைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும். (திட்டாமல் இருக்கவும் வேண்டாம்; ஆதார் பெயரும் பாஸ்புத்தகப் பெயரும் பொருந்தாததும், சர்வே எண்ணில் உட்பிரிவு விட்டுப்போவதும் அங்கே நடக்கும் பிழைகள்தான்.)

காத்தாடி சொல்லும் கார்பன் கணக்கு

உடுமலை, பல்லடம் சாலையில் போகிறவர்கள் பார்க்கும் பழைய சிறு காத்தாடிகளில் பல பஞ்சாலைகளின் சொத்து. கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை இழுத்து அடிக்கும், மின்சாரம் ஆலைக்குக் கணக்காகும். இவை ஏன் இத்தனை நின்றன என்று கேட்டால் பலரும் காற்றைச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மறுபாதி வருமான வரி.

2012 மார்ச் வரை காற்றாலை மேல் முதல் ஆண்டிலேயே 80 சதவீதத் தேய்மானம் எழுதலாம். ஒரு கோடிக்குக் காத்தாடி நட்டால் 80 லட்சத்தை அந்த ஆண்டு லாபத்திலிருந்து கழிக்கலாம்; மூன்றில் ஒரு பங்கு வரி கட்டும் ஆலைக்குச் சுமார் 26 லட்சம் அப்போதைக்கு மிச்சம். ஆண்டில் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான். அதனால் செப்டம்பர் இறுதிக்குள் இயந்திரத்தைச் சுற்ற வைக்கப் பெரும் ஓட்டம் நடக்கும். இங்கே அரசு அளந்தது நட்ட இயந்திரத்தை. அது தந்த மின்சாரத்தை அளக்கவில்லை. காற்று நன்றாக வராத இடத்தில் நட்டாலும் வரிச் சலுகை குறையாது. 2009 இறுதியில் மத்திய அரசு மாற்று வழி ஒன்றைக் கொண்டுவந்தது: யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை. அளவுகோல் மாறியதும், எங்கே காற்று அதிகம் என்று தேடும் முதலீட்டாளர்களும் வந்தார்கள். தேய்மானச் சலுகை 2014-இல் திரும்பி, 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகச் சுருங்கியது.

அதே காத்தாடிகள்தாம் இந்தியாவின் முதல் கார்பன் வியாபாரத்திலும் இருந்தன. 1997-இல் உருவாகி 2005-இல் நடப்புக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கையின்படி, இங்கே ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்தால் ஒரு வரவுச் சான்று. அதை ஐரோப்பிய நிறுவனங்கள் வாங்கித் தங்கள் கணக்கை நேர் செய்துகொள்ளும். தணிக்கைச் செலவு லட்சக்கணக்கில் என்பதால் தனி ஒரு காத்தாடிக்குக் கட்டுப்படியாகாது. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பினர்களின் காத்தாடிகளை ஒரே கட்டாகக் கட்டிப் பதிவு செய்தது.

250 கிலோவாட் காத்தாடி ஒன்று ஆண்டுக்கு 4.4 லட்சம் யூனிட் தருகிறது, யூனிட் 2.75 ரூபாய் என்றால் மின் வருமானம் சுமார் 12 லட்சம். அன்றைய தென்னிந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.9 கிலோ கரியமில வாயு என்று கொண்டால் சேமிப்பு ஏறக்குறைய 396 டன். டன்னுக்கு 10 யூரோ, யூரோ 60 ரூபாய் என்றால் கார்பன் வரவு 2.4 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. மின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல காசு.

2012-க்குள் அந்தச் சந்தை விழுந்தது. ஐரோப்பாவில் பொருளாதார மந்தம், சான்றுகள் குவிந்தது, வாங்குவதற்கு ஐரோப்பா போட்ட கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து விலை ஒரு யூரோவுக்கும் கீழே போனது. அரை யூரோ, 35 ரூபாய் என்று வைத்தால் அதே 396 டன்னுக்கு 14,000 ரூபாய்கூடத் தேறாது. தணிக்கைக் கட்டணத்துக்கே காணாது.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு கருத்து உண்டு. கார்பன் சந்தையின் முதுகெலும்பு அதுதான். ‘கூடுதல் தன்மை’ என்பார்கள். இந்த வரவுப் பணம் இல்லாவிட்டால் இந்தக் காத்தாடி நின்றிருக்காது என்று நிரூபித்தால்தான் அது செய்த குறைப்புக்கு மதிப்பு. 26 லட்சம் வரி மிச்சம் கிடைக்கிறது, ஆலைக்கு மின்சாரமும் கிடைக்கிறது. எப்படியும் நட்டிருப்பார்கள் என்றால், வாங்கிய ஐரோப்பிய நிறுவனத்துக்குக் கிடைத்தது என்ன? புகையைக் குறைக்காமலே குறைத்ததாக எழுதிக்கொள்ளும் உரிமை. இன்றும் சந்தையில் பழைய காற்றாலை, சூரிய மின் வரவுகள் அடிமாட்டு விலைக்குப் போவதன் காரணம் இது.

இப்போது இந்தியாவே சொந்தச் சந்தையைக் கட்டுகிறது. 2022-இல் திருத்திய எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2023 ஜூனில் கார்பன் வரவு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின்) ஆலைகளுக்கு முதல் இலக்குகள் வந்தன. வாளையார் சாலையில் சிமென்ட் லாரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்காகச் சிமென்ட் கணக்கே போடலாம். ஆலைக்கு இலக்கு, ஒரு டன் பொருளுக்கு 0.60 டன் உமிழ்வு என்று கொள்வோம். 10 லட்சம் டன் செய்து, 0.58-இல் முடித்தால் 20,000 சான்று கையில், விற்கலாம். 0.63 ஆனால் 30,000 சான்று வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் சராசரிச் சந்தை விலையின் இருமடங்கு இழப்பீடு கட்ட வேண்டும். கவனிக்க: அளப்பது ஒரு டன்னுக்கு எவ்வளவு என்பதை. உற்பத்தியை இரட்டித்தால் மொத்தப் புகையும் கூடும், ஆனாலும் ஆலை சான்று சம்பாதிக்கலாம். வளரும் நாட்டுக்கு இது நியாயம் என்பது ஒரு கட்சி. வானத்துக்கு டன் கணக்குதான் தெரியும் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஐரோப்பா எல்லையில் வைக்கும் கார்பன் வரி 2026 ஜனவரி முதல் நடப்பில். இரும்பு-எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் மட்டுமே பட்டியலில். திருப்பூர் பனியனுக்கு இல்லை. கோவையிலிருந்து போல்ட்-நட் அனுப்புபவர் உமிழ்வுக் கணக்கு வைக்கத்தான் வேண்டும்.

பத்திரமும் வைப்புத் தொகையும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பசுமைப் பத்திரம் என்பது கடன் பத்திரம்தான்; திரட்டிய பணத்தைச் சூரிய மின்சாரம், மின்ரயில் போன்றவற்றுக்கே செலவிடுவதாக வாக்குறுதி கூடுதல். மத்திய அரசு 2023 ஜனவரி 25-இல் முதன்முறையாக 8,000 கோடிக்கு வெளியிட்டது, ஐந்தாண்டுக்கு 7.10, பத்தாண்டுக்கு 7.29 சதவீதம். சாதாரண அரசுப் பத்திரத்தைவிட வட்டி சுமார் 0.05 சதவீதம் குறைவாக அமைந்தது. 8,000 கோடிக்கு அந்தக் குறைவு ஆண்டுக்கு 4 கோடி. அரசுக்கு இது சில்லறை. வங்கிகளின் பசுமை வைப்புத் தொகைக்கும் 2023 ஜூன் முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. பணம் எங்கே போனது என்று வெளியார் சரிபார்க்க வேண்டும். வட்டி கூடுதலாகத் தர வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு, மற்ற வைப்புகளுக்குப் போலவே.

தங்கள் கடன்வழி உமிழ்வை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம் என்று உலகப் பெருவங்கிகள் தந்த உறுதிமொழிகளையும் இதே தட்டில் நிறுத்தலாம். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டையொட்டிப் பெரும் ஆரவாரத்தோடு கூட்டணிகள் அமைந்தன. 2024 இறுதியிலிருந்து அமெரிக்கப் பெருவங்கிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. 2025 அக்டோபரில் வங்கிகளின் நிகர-பூஜ்யக் கூட்டணி கடையைக் கட்டியது. உறுதிமொழியை மீறினால் அபராதம் என்று எங்கும் எழுதப்படவில்லை. சிமென்ட் ஆலை தப்ப முடியாத இடத்தில் இவர்கள் தப்பியது அதனால்தான்.

தோப்புக்கு வரும் கார்பன் ஒப்பந்தம்

கடைசியாக, ஊரில் இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி: மரம் வளர்த்தால் கார்பன் பணம் வருமாமே?

நிற்கிற தென்னந்தோப்புக்கு வராது. அது ஏற்கெனவே இருக்கிறது, கூடுதல் தன்மை இல்லை. வரப்பிலும் தரிசிலும் புதிதாக நடும் மரங்களுக்கு வரலாம். எவ்வளவு? ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 டன் என்று எடுத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கருக்கு 15 டன். தீயோ நோயோ வந்தால் ஈடுகட்ட ஒரு பங்கைப் பொதுக் கையிருப்பில் நிறுத்துவார்கள். ஐந்தில் ஒன்று என்றால் மிச்சம் 12 டன். டன்னுக்கு 850 ரூபாய் கிடைத்தால் 10,200. திட்டத்தை நடத்துபவர் பாதி எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 5,100. ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம், அதுவும் முதல் சரிபார்ப்பு முடிந்து, பெரும்பாலும் நாலைந்து ஆண்டு கழித்து. ஒப்பிட்டுப் பாருங்கள்: 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு 100 காய், காய் 15 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பது இருக்கட்டும். கார்பன் கணக்கில் உழக்கைக் கொஞ்சம் நிரப்பலாம், களஞ்சியத்தை நிரப்ப முடியாது. மரம், இலைத்தழை, காற்றுத் தடுப்பு என்று வேறு பயனுக்காக நடுகிறவருக்கு இது உபரி. இதற்காகவே நடுவது வீண்.

ஒப்பந்தம் வந்தால் முதலில் காலத்தைப் பாருங்கள். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் என்று இருக்கும். அதற்குள் நிலம் பிள்ளைகளுக்குப் பாகமாகும், விற்பனையாகும். வாங்குபவரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா என்பது எழுத்தில் வேண்டும். பங்குத் தொகை மொத்த விற்பனை விலையிலா, செலவு போன மிச்சத்திலா என்று கேளுங்கள். ‘நிகர வருவாயில் 60 சதவீதம்’ என்பதைவிட ‘விற்பனை விலையில் 40 சதவீதம்’ பல நேரம் மேல், ஏனென்றால் செலவுக் கணக்கு எழுதுவது அவர்கள். விற்ற விலையைக் காட்டும் ஆவணத்தைப் பார்க்கும் உரிமை வேண்டும். அளவு எடுக்கக் கைபேசியோடு வருபவர் நிலத்தின் நான்கு மூலையையும் நடந்து பதிய வேண்டும்; வீட்டு வாசலில் நின்று ஒரு புள்ளி எடுத்தால் பின்னால் செயற்கைக்கோள் படத்தில் உங்கள் மரம் பக்கத்து நிலத்தில் நிற்கும். எல்லைக்கு இருபுறமும் நிலம் வைத்திருப்பவர்கள் இரண்டு மாநிலப் பதிவேடுகளிலும் தனித்தனியாகச் சர்வே எண் கொடுத்து, ஒரே மரம் இரண்டு திட்டங்களில் ஏறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஏறியது தெரிந்தால் வரவு ரத்தாகலாம்.

பிறகு, பணம் பற்றிய பக்கத்தை விட்டுவிட்டு ஒப்பந்தத்தின் பின்பக்கத்துக்குப் போங்கள். பதினேழாம் ஆண்டில் கிணறு வற்றி, மரத்தை வெட்டி விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா, அன்றைய கார்பன் விலையில் கேட்பார்களா? அந்த வரி எங்கே இருக்கிறது என்று வந்தவரிடமே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.